இரண்டாம் பக்கத்தில் படுத்துவிடும் கதை – என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு சிறுகதை எழுதுகிறேன். கொஞ்ச காலமாக ஒரு கோளாறு: முதல் பக்கம் ஓடும், இரண்டாவதில் கதை படுத்துவிடும்.

பரிசு வாங்கிய கதைகளைத் தேடிப் படித்தேன். அடுத்தவர் நடை ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஃபேஸ்புக்கில் போட்டு லைக் எண்ணினேன். அதிகம் விழுந்தது தோசைப் படத்துக்கு.

வழி ஒரு பழைய நோட்டில் கிடைத்தது. இப்போது எழுதும் கதையில் வரும் அதே ரப்பர் மரம் சீவும் காட்சி அதிலும் இருந்தது. பழையது, புதியது இரண்டையும் வாய்விட்டுப் படித்துக் கைப்பேசியில் பதிந்து, மறுநாள் கேட்டேன். பழையதில் அம்மா விடியுமுன் உளியோடு போய், வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் பட்டையைச் சீவுகிறார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடுமே, அந்த அவசரம் வாக்கியத்திலேயே இருக்கிறது. புதியதில் பனி, பறவை, சிவந்த வானம், ஒட்டுப்பாலைக் காணோம். நடுவர்களுக்குப் புரியாது என்று கை தானாகவே விட்டிருக்கிறது. வசனம் வேறு சென்னை சீரியல் மாதிரி.

ஒட்டுப்பாலைத் திரும்ப வைத்ததும் இரண்டாம் பக்கம் நகர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் தேதி போட்டு, என் பழையதோடு மட்டும் வைத்துப் பார்க்கிறேன். போட்டி முடிவெல்லாம் கதை முடிந்த பிறகுதான். ஒன்று, பதிவை அன்றைக்கே கேட்காதீர்கள். எழுதிய சூட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.