வெளிநாட்டுச் சட்டைக்கு நான் அளவு பார்க்கும் விதம்

சீனாவிலிருந்து வந்த எல் சட்டை தம்பிக்கு மார்பில் இறுக்கிப் பிடித்தது, இங்கே அவன் எம் போடுகிறவன். அதற்கப்புறம் அந்த எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். காரைக்குடியில் தையல்காரரிடம் அளவுச் சட்டை கொடுப்போமே, அதே முறைதான்: நன்றாகப் பொருந்துகிற சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக டேப் வைத்து அளந்து, இரண்டால் பெருக்கி, அங்குலமாக இருந்தால் 2.54-ஆல் பெருக்கிச் சென்டிமீட்டராக்கி விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிடுகிறேன். அந்த அட்டவணை உடம்பளவா துணியளவா என்று அவசியம் பாருங்கள். துணியளவு என்றால் உடம்பைவிடத் தாராளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செட்டிநாட்டு வெயிலில் போடவே முடியாது. எண்ணில் வரும் அளவும் நாட்டுக்கு நாடு மாறும்: பெண்கள் உடுப்பில் அமெரிக்க அளவு 8 பெரும்பாலும் பிரிட்டனில் 12. தோள் அகலம்தான் ரொம்ப முக்கியம். இடுப்பை நம்ம தையல்காரர் பிடித்துத் தந்துவிடுவார், தோளைச் சரிசெய்வது கஷ்டம்.