மாஸ்க் சோதனையில் மெழுகுவர்த்தி சொல்லாதது

அறிவியல் கண்காட்சிக்கு மாஸ்க் சோதனை செய்யும் பிள்ளைகள் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

ஊதி அணைத்துத் தரம் பார்ப்பது

மாஸ்க் போட்டு ஊதும்போது சுடர் அணையாவிட்டால் நல்ல மாஸ்க், அணைந்தால் தூக்கிப்போடு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இது. இதை நம்பி நல்ல மாஸ்க்கை எறிந்துவிட்டு மட்டமானதை வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

சுடர் காட்டுவது மூச்சின் வேகத்தை மட்டும். மழைக்கோட்டுத் துணியை வாய்க்கு முன்னால் பிடித்து ஊதினாலும் சுடர் அசையாது. அதற்காக அது வடிகட்டி ஆகிவிடுமா? காற்றை விட்டுத் துகளைப் பிடிப்பதுதான் நல்ல மாஸ்க்கின் வேலை. சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்கு மெல்ட்ப்ளோன் பாலிப்ரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி ஊதி எடுத்த மெல்லிய இழைகள். அதன் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். சல்லடை போல் சலிப்பதில்லை. துகள் இழையில் ஒட்டிக்கொள்கிறது. பெரிய துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதும். மிகச் சிறியது அங்குமிங்கும் அலைந்து மாட்டும். இடைப்பட்ட, சுமார் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்தான் அதிகம் தப்பும். அதனால்தான் என்95 வகையை அந்த அளவில் சோதித்து, குறைந்தது 95 சதவீதம் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

மெழுகுவர்த்தி வேண்டுமென்றால் கேள்வியை மாற்றுங்கள். 30 செ.மீ. தள்ளி வைத்து, மாஸ்க் இல்லாமலும் மாஸ்க்கோடும் ஊதி, மூச்சு முன்னால் பாய்வது எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். சுடருக்கு நெருங்கிப் போகவேண்டாம். பாலிப்ரோப்பிலீன் உருகித் தோலில் ஒட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மஞ்சள் தண்ணீர் ஸ்ப்ரே

துணி வழியே துளி ஊடுருவுகிறதா என்று பார்க்க மஞ்சள் தண்ணீரை அடிக்கிறார்கள். மஞ்சள்தூள் கரையாமல் ஸ்ப்ரே முனையை அடைக்கும். 100 மி.லி. தண்ணீருக்கு 5 சொட்டு உணவு நிறம் போதும். துணியை எம்ப்ராய்டரி வளையத்தில் மாட்டி, 10 செ.மீ. பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, 30 செ.மீ. தள்ளி மூன்றே முறை அடியுங்கள். பத்து முறை அடித்தால் துணி ஊறிச் சொட்டும். எது ஊடுருவியது, எது ஊறி வழிந்தது என்று தெரியாது. பனியன் துணியை விறைப்பாக இழுத்தால் பின்னல் கண் விரிந்துவிடும்.

சானிடைசரில் நனைத்த மாஸ்க்

வேண்டாம். ஆல்கஹால் மின்னூட்டத்தைப் போக்கிவிடும்.

ஓரக் கசிவை மறப்பது

கைக்கண்ணாடியை மூக்குத்தண்டு, கன்னம், தாடை ஓரங்களில் பிடித்து மூச்சு விட்டால், கசியும் இடத்தில் மங்கும். ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்த கண்ணாடி புழுக்கமான காற்றில் தானாகவே மங்கிவிடும். ஏசி அறையில் பத்து நிமிடம் வைத்து, அங்கேயே சோதியுங்கள். பிறகு மூக்குக் கம்பியை அழுத்திப் படியவைத்து இன்னொரு முறை பாருங்கள். மூக்கின் இருபுறமும் மங்கல் சுருங்கியிருக்கும்.