ரோபோகோட் களத்தில் புள்ளிகளை எங்கே பறிகொடுக்கிறோம்?

ரோபோகோட் என்ற கணினி ஆட்டத்தில் டாங்கியை நாம் கையால் ஓட்டுவதில்லை. அது எப்படி நகர வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று ஜாவா மொழியில் நிரல் எழுதிக் கொடுத்துவிட்டு, களத்தில் நடப்பதைப் பார்க்க மட்டுமே முடியும். வழக்கமான களம் 800க்கு 600 பிக்சல். அதில் நமது நிரலும் நண்பர்களின் நிரல்களும் சுற்றுச் சுற்றாக மோதும், கூடுதல் புள்ளி பெற்றது வெல்லும். மத்தியூ நெல்சன் தனிமுயற்சியாகத் தொடங்கிய இந்த ஆட்டம் 2001இல் ஐபிஎம் வழியாக வெளிவந்தது. 2005இல் திறந்த மூல மென்பொருளானது. காசு தேவையில்லை, ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையமும் தேவையில்லை. உவர்மலையில் ஒருவரும் உப்புவெளியில் ஒருவரும் கிண்ணியாவில் ஒருவரும் தனித்தனியாக எழுதி, சனிக்கிழமை பென் டிரைவில் கொண்டுவந்து ஒரே மடிக்கணினியில் மோதவிடலாம். திருகோணமலையில் உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் இதைத் தொடங்கச் சொல்லி நான் விடாமல் கேட்பதற்கு இதுதான் காரணம்.

அவர்களின் நிரல்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான ஒன்று உண்டு. நிரல் எழுதத் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. ஆட்டத்தின் விதிகளில் வெளிப்படையாகத் தரப்பட்டிருக்கும் எண்களை வாசிக்காமல் தோற்பவர்களே அதிகம்.

எப்போதும் முழு வலுவில் சுடுவதையே முதலில் சொல்வேன். குண்டின் வலுவை 0.1 முதல் 3 வரை வைக்கலாம். புதியவர்கள் யோசிக்காமல் 3 என்று எழுதிவிடுகிறார்கள். வலு 3 உள்ள குண்டு பட்டால் எதிரிக்கு 16 அலகு சேதம், வலு 1 என்றால் 4தான். இதை மட்டும் பார்த்தால் 3தான் சரி என்று தோன்றும். ஆனால் வலு கூடினால் குண்டின் வேகம் குறையும். ஆட்டத்தின் மிகச் சிறிய கால அலகான ஒரு டிக்கில் வலு 3 குண்டு 11 பிக்சல்தான் போகும், வலு 1 குண்டு 17 பிக்சல் போகும். 550 பிக்சல் தொலைவில் நிற்கும் எதிரியை வலு 3 குண்டு அடைய 50 டிக் வேண்டும். அதற்குள் 8 பிக்சல் வேகத்தில் ஓடும் டாங்கி 400 பிக்சல் கடந்துவிடும். டாங்கியின் அகலமே 36 பிக்சல்தான். அந்தக் குண்டு எதைத் தேடிப் போகிறது? அதே குண்டை 100 பிக்சல் தொலைவில் சுட்டால் 9 டிக்கில் போய்ச் சேரும். ஆகவே தொலைவைப் பார்த்து வலுவை மாற்றுங்கள்.

இதற்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதேயில்லை. சுடும்போது குண்டின் வலுவளவு சக்தி நம்மிடமிருந்து போகிறது. பட்டால் அதன் மூன்று மடங்கு திரும்பி வருகிறது. மூன்றில் ஒன்றுகூடப் படவில்லையென்றால் ஒவ்வொரு சூடும் நமது சக்தியைக் கரைக்கிறது. தொடக்கத்தில் இருப்பது 100 அலகு. சுட்டுச் சுட்டே அதைப் பூச்சியமாக்கிவிட்டால் டாங்கி செயலிழந்து நின்றுவிடும், நகரவும் முடியாது, சுடவும் முடியாது. எதிரி நின்று நிதானமாகக் குறிபார்ப்பான். சக்தி குறையக் குறைய வலுவையும் குறைக்கும் ஒரே ஒரு வரி பல சுற்றுகளைக் காப்பாற்றும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. அதிகம் பேரை வீழ்த்துவதுதான் வெற்றி என்று நினைத்து, பத்து டாங்கிகள் மோதும் களத்தில் நடுவில் பாய்கிறார்கள். குண்டால் கொடுக்கும் சேதம் ஒவ்வொரு அலகுக்கும் ஒரு புள்ளி. குண்டால் வீழ்த்தினால் அந்த எதிரிக்கு நாம் செய்த சேதத்தில் 20 விழுக்காடு மேலதிகம். ஆக, 100 அலகு சக்தியுள்ள ஒருவரை முழுதாக நாமே சுட்டு வீழ்த்தினால் 120 புள்ளி. மறுபக்கம், வேறொரு டாங்கி அழியும் ஒவ்வொரு தடவையும் உயிரோடிருக்கும் எல்லோருக்கும் 50 புள்ளி கிடைக்கிறது. கடைசியாக எஞ்சி நிற்பவருக்கு, அழிந்த ஒவ்வொரு டாங்கிக்கும் 10 வீதம் கூடுதலாக வரும். பத்துப் பேர் களத்தில் கடைசிவரை நின்றால் இந்த இரண்டால் மட்டும் 540 புள்ளி! அங்கே மூலையோரம் ஒதுங்கி, கூட்டத்தை விட்டு விலகி நகர்வது கோழைத்தனம் அல்ல, தேர்ந்த ஆட்டம். ஒருவருக்கு ஒருவர் மோதும்போது நிலைமை வேறு. அங்கே எஞ்சி நிற்பதற்கு 60தான், சேதம்தான் பெரிது. ஒரே நிரலை இரண்டு களத்துக்கும் அப்படியே அனுப்பாதீர்கள்.

கோணத்தில் வரும் குழப்பம் இணைந்த கணிதம் நன்றாகச் செய்யும் பிள்ளைகளையே அதிகம் பிடிக்கிறது. பாடத்தில் கோணம் கிழக்கிலிருந்து தொடங்கி இடஞ்சுழியாக வளரும். ரோபோகோட்டில் வடக்கு 0, கிழக்கு 90, வலஞ்சுழி. கொட்டியாரக் குடாவுக்குள் வரும் கப்பலின் திசைகாட்டி எப்படியோ அப்படி. எதிரி நேர் கிழக்கே இருந்தால் பாடக் கணக்கில் 0 பாகை, களத்தில் 90 பாகை. ஆகவே எதிரியின் திசையை நேர்மாறு தான்சனால் கண்டுபிடிக்கும்போது, y வித்தியாசத்தை முதலில் கொடுக்கும் வழக்கத்தை விட்டு x வித்தியாசத்தை முதலில் கொடுக்க வேண்டும். எதிரியைத் தேடிக் காட்டும் ராடர் தரும் கோணமும் நமது டாங்கி உடல் பார்க்கும் திசையிலிருந்து அளக்கப்பட்டது, துப்பாக்கியின் திசையிலிருந்து அல்ல. உடலின் திசையைக் கூட்டி, துப்பாக்கியின் திசையைக் கழித்தால்தான் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது வரும். அந்த விடை 350 என்று வந்தால் துப்பாக்கி முழு வட்டம் அடிக்கப் போகும், உண்மையில் மறுபக்கமாக 10 பாகை திரும்பினாலே போதும். விடையைக் கழித்தல் 180க்கும் 180க்கும் இடையில் கொண்டுவரும் கருவி ஆட்டத்திலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இதே ஆட்டத்தின் புதிய வடிவமான டாங்க் ராயலில், வலைப்பின்னல் வழியாக மோதலாம், ஆனால் கோணம் பாடப்புத்தக முறையில் இருக்கிறது. பழைய வடிவத்துக்கு எழுதிய விளக்கத்தைப் படித்துவிட்டு அங்கே எழுதினால் டாங்கி வேறெங்கோ பார்த்துச் சுடும்.

ராடரைச் சும்மா சுற்றவிடுவது இன்னொரு இழப்பு. ராடர் ஒரு டிக்கில் 45 பாகை திரும்பும், முழு வட்டத்துக்கு 8 டிக். அதற்குள் எதிரி 64 பிக்சல் நகர்ந்திருக்கலாம், அந்தப் பழைய செய்தியை நம்பித்தான் சுடுகிறோம். ஒரே எதிரி இருக்கும் களத்தில், கண்டவுடன் ராடரை அவர் பக்கமே திருப்பி, சற்றுக் கடந்து மறுபடி திரும்பும்படி எழுதினால் ஒவ்வொரு டிக்கிலும் புதிய செய்தி கிடைக்கும். சுற்றின் தொடக்கத்தில் துப்பாக்கி சூடாக இருப்பதால் முதல் 30 டிக் வரை யாராலும் சுட முடியாது. அந்த நேரத்தில் ராடரும் துப்பாக்கியும் உடலும் ஒரே பக்கம் திரும்பினால் பார்வை டிக்குக்கு 75 பாகை ஓடும். எதிரியின் குண்டு நமது நிரலுக்குத் தெரியாது, எதிரியின் சக்தி திடீரென்று 0.1 முதல் 3 வரை இறங்கினால் அவர் சுட்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம். நமது குண்டு பட்டதாலும் சுவரில் மோதியதாலும் வரும் இறக்கத்தை இதிலிருந்து கழித்துவிட மறக்கக் கூடாது.

ஆட்டத்தில் நமது டாங்கி நிரலுக்கு ரோபோ என்று பெயர். சாதாரண வகை ரோபோவில் முன்னே 100 பிக்சல் போ என்று கட்டளையிட்டால், அது போய் முடியும்வரை அடுத்த வரி நடக்காது. எதிரியைக் கண்டவுடன் இயங்கும் பகுதிக்குள் இதை எழுதிவிட்டு, டாங்கி ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். மேம்பட்ட வகைக்கு மாறி, நகர்வு, திருப்பம், சூடு மூன்றையும் சேர்த்து அமைத்து, டிக் முடிவில் நிறைவேற்றும் கட்டளையை எழுதுங்கள். அந்தக் கடைசிக் கட்டளை விடுபட்டு வளையம் சுழன்றுகொண்டே இருந்தால் ஆட்டமே அந்த ரோபோவை நிறுத்திவிடும். மேம்பட்ட வகையில் சுவரில் முழு வேகத்தில் மோதினால் 3 அலகு சக்தி போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆட்டத்தோடு வரும் மாதிரி ரோபோக்களில் அசையாத ஒன்றை வீழ்த்திவிட்டு நிரல் தயார் என்று முடிவெடுக்காதீர்கள். சுவரோரம் ஓடும் மாதிரி, தாறுமாறாகத் திரியும் மாதிரி, முட்டவரும் மாதிரி எல்லாவற்றோடும் மோதவிடுங்கள். தொடக்க இடங்கள் ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதால் பத்துச் சுற்றின் முடிவை நம்ப முடியாது. காட்சியை மறைத்துவிட்டு நூற்றுக்கணக்கான சுற்றுகளை ஓடவிட்டால் விரைவாக முடிந்துவிடும். எதிரியைப் பற்றிச் சேர்த்த தரவு அடுத்த சுற்றுக்கும் வேண்டுமென்றால் அதை ஸ்டாட்டிக் மாறிகளில் வையுங்கள், மற்ற மாறிகள் சுற்றுக்குச் சுற்று அழிந்துவிடும்.

சக்தி தீர்ந்து செயலிழந்து நிற்கும் எதிரியைக் கண்டால் உடனே சுடாதீர்கள். முட்டி அழித்தால் அவருக்குச் செய்த சேதத்தில் 30 விழுக்காடு மேலதிகப் புள்ளி வருகிறது, குண்டால் அழித்தால் 20தான். வேறு யாரும் பக்கத்தில் இல்லாதபோது நேராகப் போய் முட்டுங்கள்.