தமிழ்நாட்டிலிருந்து வன்னிப் பாடசாலைக்கு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் வருகின்ற குடும்பங்களிலே ஊர் திரும்புகிறவர்கள் பெற்றோர் மட்டுமே. போரால் 1990இலோ 2006இலோ படகேறியவர்களுக்கு மண்டபத்திலும் பிற முகாம்களிலும் பிறந்த பிள்ளைக்கு வன்னி புது நாடு. ‘தமிழ்தானே, பழகிவிடும்’ என்று விட்டுவிடுவதே முதற்பிழை.

ஆசிரியர் “வாங்கிலை இரும்” என்கிறார். எமக்கு வாங்கு என்பது அமரும் நீள்பலகை. இரு என்றால் உட்கார். தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கோ வாங்கு என்றால் பெற்றுக்கொள், இரு என்றால் பொறு. எதையோ தரப்போகிறார்கள் என்று அது காத்து நிற்க, வகுப்புச் சிரிக்கிறது. சொல்வழி கேளாத பிள்ளை என்று ஆசிரியர் எண்ணிக்கொள்கிறார். இத்தகைய சொற்களை முதல்நாளுக்கு முன்பே வீட்டில் பழக்கலாம். ஆனால் “இந்தியாக் கதை கதையாதை” (இந்தியப் பேச்சுப் பேசாதே) என்று அதட்டினால் பிள்ளை வகுப்பில் வாயே திறவாது. அங்கே ‘சிலோன் பிள்ளை’, இங்கே ‘இந்தியாப் பிள்ளை’ என்றால் அது எங்கேதான் சொந்தப் பிள்ளையாக இருப்பது?

பாடத்திலும் இதே சிக்கல்தான். அங்கே இயற்கணிதம் என்று படித்தது இங்கே அட்சரகணிதம்; ஆக்சிஜன் ஒட்சிசன் ஆகிறது, ஹைட்ரஜன் ஐதரசன் ஆகிறது. ஆங்கிலவழியில் படித்த பிள்ளைக்கு இத்தடுமாற்றம் இன்னும் கூடும். ஆகவே முதல் தவணைப் புள்ளிகளைக் கண்டு ‘மக்குப் பிள்ளை’ என்று முடிவுகட்டுவதும், சிங்களம் தெரியாது என்பதற்காகக் கீழ்வகுப்பில் இருத்தச் சம்மதிப்பதும் தவறு. தமிழ்நாட்டுப் பள்ளியில் சிங்களத்துக்கு இடமே இருக்கவில்லை. இங்கும் பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களம் கட்டாயப் பாடமன்று. தெரிந்துகொள்வது நல்லதுதான், அதை ஆறுதலாகப் படிக்கலாம்.

பள்ளி மாற்றுச் சான்றிதழை மறக்காமல் கொண்டுவருகிறவர்கள்கூடக் குடியுரிமைப் பதிவைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் பிள்ளையை இலங்கைக் குடிமகனாக்காது; பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழ் பெறவேண்டும். அது இல்லாமலே பாடசாலையில் இடம் கிடைத்துவிடுவதால் குறை உடனே தெரிவதில்லை; சாதாரண தரம் நெருங்கி, தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், படிக்க வேண்டிய நாட்களிலே தந்தையும் பிள்ளையும் கந்தோர் கந்தோராக அலைகிறார்கள்.