டியூனர் வாங்கும் முன் சைலன்சர் குழாயைப் பாருங்கள்

மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் டியூனர், அதாவது இன்ஜினுக்குப் போகும் பெற்றோலின் அளவை மாற்றும் சிறு பெட்டி, வாங்க நினைத்தால், முதலில் சைலன்சர் குழாயில் புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் திருகியிருக்கும், பின்னால் வயர் நீளும் சிறிய பாகம் அது. இருந்தால், அந்தச் சென்சரின் சிக்னலையும் கையாளும் டியூனரையே கேளுங்கள். பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் மலிவுப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண்.

கல்லடியிலிருந்து கல்முனை வரை ஒரே சீராக ஓடும்போது, வண்டியின் கணினி அந்தச் சென்சரைப் பார்த்தே காற்றுக்கும் பெற்றோலுக்குமான விகிதத்தை 14.7:1 அளவில் வைத்திருக்கிறது. மலிவுப் பெட்டி கூட்டிக் கொடுக்கும் பெற்றோலைக் கணினி மிகையென்று கண்டு மறுபடியும் குறைத்துவிடும். பெரும்பாலும் திராட்டிலை முழுதாகத் திருகும்போதுதான் கணினி சென்சரை நம்பாமல் ஓடுகிறது. பெட்டியின் பலன் அப்போதுதான் தெரியும். மட்டக்களப்பு நகர வீதிகளில் அப்படி எவ்வளவு நேரம் ஓட்டிவிடப் போகிறோம்?

சைலன்சரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் டியூனரே தேவைப்படாது. அறுவடைக் காலத்தில் அம்பாறை வயல் பாதைகளில் ஓடி இழுவை குறைந்த வண்டியென்றால், தூசி அடைத்த எயார் பில்டரை மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

சென்சர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிக்கு மலிவுப் பெட்டியே போதும். காபரேட்டர் வண்டிக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே பெற்றோல் வரும் சிறு துளையுள்ள பாகமான ஜெட்டை மாற்றுவதுதான் வழி.