புது லேப்டாப்பில் கோடிங் செட்டப்: மலைமேல் இருப்பவர்களுக்கு

கோயம்புத்தூரில் லேப்டாப் வாங்கினால் வாங்கிய கையோடு மலை ஏறிவிடாதீர்கள். நல்ல வைஃபை இருக்கிற தெரிந்தவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, பெரிய டவுன்லோடையெல்லாம் கீழேயே முடித்துவிட்டு வாருங்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் நெட் இல்லாமல் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன்மேல் ஒரு சீகை மரம் சாய்ந்தால் போதும், கரண்ட் போகும், ரவுட்டர் அணையும், கொஞ்ச நேரத்தில் டவரும் கையை விரித்துவிடும். அதனால் நம் செட்டப் நெட் இல்லாமலும் ஓட வேண்டும்.

முதலில் விண்டோஸ் அப்டேட். அதைக் கீழேயே முழுசாக முடியுங்கள், மேலே வந்தபிறகு போன் ஹாட்ஸ்பாட்டை வைஃபை செட்டிங்ஸில் 'மீட்டர்ட்' என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் அன்றைய டேட்டாவைச் சத்தமில்லாமல் அப்டேட்டே தின்றுவிடும்.

அடுத்து விண்டோஸுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ். பவர்ஷெல்லை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அட்மினாகத் திறந்து டபிள்யூஎஸ்எல், ஓர் இடைவெளி, இரண்டு ஹைஃபன், ஒட்டி இன்ஸ்டால் என்று அடித்தால் உபுண்டு என்ற லினக்ஸ் தானாக வந்துவிடும், அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். வரவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரியைப் பாருங்கள். 'டிசேபிள்ட்' என்று இருந்தால் பயாஸில் (லேப்டாப் ஆனாகும்போது திறக்கிற அடிப்படை செட்டிங்ஸ்) போய் ஆன் செய்ய வேண்டும். புராஜெக்ட் ஃபோல்டர்களை உபுண்டுவின் ஹோமுக்குள்ளேயே வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாம் ஆமை வேகம்தான், லேப்டாப்பைத் திட்டிப் பயனில்லை.

கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் பெயரும் ஈமெயிலும் கொடுத்து, ஈடி25519 வகையில் ஓர் எஸ்எஸ்எச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலான ஜோடி ஃபைல்) உருவாக்கி, அதன் பப்ளிக் பாதியை, கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒட்டுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து அங்கே வெறும் பாஸ்வேர்டை வைத்து புஷ் செய்ய (கோடை அனுப்ப) முடியாது. இதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

மலையில் உண்மையான தலைவலி குளோன்தான், அதாவது ஒரு புராஜெக்டை முழுசாக இறக்குவது. கிட் குளோனுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. 90 சதவீதத்தில் நெட் அறுந்தால் 'எர்லி இஓஎஃப்' என்று ஒரு வரி காட்டிவிட்டு, அதுவரை இறங்கியதையும் துடைத்துவிட்டுப் போய்விடும், மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. அதனால் பெரிய ரெப்போ (புராஜெக்டின் கிட் தொகுப்பு) என்றால் டெப்த் 1 கொடுத்துக் கடைசி கமிட்டை (கடைசியாகப் பதிந்த நிலையை) மட்டும் இறக்குங்கள், வேலையை ஆரம்பியுங்கள். பழைய வரலாறு வேண்டுமென்றால் நெட் நன்றாக இருக்கிற நேரத்தில் ஃபெட்சில் டீப்பன் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளலாம். மற்ற பெரிய ஃபைல்களுக்கு பிரவுசரை நம்பாமல் டபிள்யூகெட் என்ற டவுன்லோட் கட்டளையில் சி ஆப்ஷன் போடுங்கள், அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், எதிர்முனை சர்வர் அதற்கு இடம் கொடுத்தால்.

பைத்தான்காரர்கள் தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலைக் கொடுத்து, பைத்தானின் பேக்கேஜ் கருவியான பிப்பின் டவுன்லோடில் எல்லாப் பேக்கேஜையும் ஒரு ஃபோல்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவுக்குள் நின்றுதான் இறக்க வேண்டும், விண்டோஸ் பக்கம் இறக்கியவற்றில் பல இங்கே ஒட்டாது. பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். நோடு (ஜாவாஸ்கிரிப்ட்) என்றால் இன்னும் சுலபம், ஒருமுறை இறங்கிய பேக்கேஜ் அதன் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மின் கேஷில் கிடக்கும், அடுத்த முறை 'பிரிஃபர் ஆஃப்லைன்' கொடுத்தால் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே மூட்டையாக ஓட்டும் டாக்கர் வேண்டுமா? 8 ஜிபி ரேம்தான், இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். ஆபீஸ் வேலைக்குத் தேவை என்றால், ஏற்கெனவே வைத்திருக்கிற நண்பரிடம் டாக்கர் சேவ் கொடுத்து இமேஜை, அதாவது அந்த மூட்டையை, ஒரு ஃபைலாகப் பென்டிரைவில் வாங்கி, உங்களிடம் லோடு செய்யுங்கள். இமேஜுக்கு ஒரு எம்பி டேட்டாகூடச் செலவாகாது.

ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது, ஃபைபர் அறுபடாத வரை நெட் நிற்கும். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பல ரவுட்டர்களுக்கு 12 வோல்ட்.

எல்லாம் முடிந்ததும் ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு, புராஜெக்டை ஓட விட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்டை (உங்கள் லேப்டாப்பையே குறிக்கும் முகவரி) திறந்து பாருங்கள். பக்கம் வந்து எழுத்தும் டிசைனும் மட்டும் கோணலாக இருந்தால், எங்கோ ஒரு ஃபான்ட்டோ டிசைன் ஃபைலான சிஎஸ்எஸ்ஸோ வெளி சர்வரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அந்த ஃபைலையும் இறக்கி புராஜெக்டுக்குள்ளேயே வைத்து, லிங்க்கை மாற்றிவிடுங்கள்.