ஸஹாபாக்கள், இமாம்கள், வலிமார்கள்: வாழ்க்கை வரலாற்றை மறக்காமல் மனத்தில் நிறுத்துவது எப்படி

பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்ட சம்பவம் அப்படியே நினைவில் நிற்கும். யாருக்கு நடந்தது என்று கேட்டால் மட்டும் "யாரோ ஒரு ஸஹாபி" (ஸஹாபி என்றால் நபித்தோழர்) என்று இழுப்போம். சம்பவத்தை முதலில் கேட்டு, ஆளைப் பிறகு தேடுவதால் வரும் வினை இது. ஆளை முதலில் நிறுத்திவிட்டால் சம்பவம் தானாகப் போய் அவரிடம் ஒட்டிக்கொள்ளும்.

ஆளை நிறுத்த மூன்று தகவல் போதும்: முழுப்பெயர், ஊர், வஃபாத்தான (மறைந்த) ஹிஜ்ரி ஆண்டு. பிறந்த ஆண்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு குழந்தை பிறந்ததைப் பெரும்பாலும் யாரும் குறித்து வைக்கவில்லை. வஃபாத் அப்படியல்ல. அதற்குள் அவருக்கு மாணவர்கள் சேர்ந்திருப்பார்கள், ஊர் அறிந்திருக்கும், ஜனாஸா தொழவைத்தவர் யார் என்பதுகூடப் பதிவாகியிருக்கும். அறிவிப்பாளர்களை ஆராய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்களும் வஃபாத் ஆண்டைத்தான் பெரிய சாட்சியாகப் பிடித்தார்கள்.

100 பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விரித்தால் தெரியும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒருவருக்கு. இடப்பக்கத்தில் பேனாவால் ஆறு வரி மட்டும்: பெயர், தந்தை பெயர், குன்யா (அபூ, உம்மு என்று தொடங்கும் அழைப்புப் பெயர்); குலமும் ஊரும்; இஸ்லாத்துக்கு வந்த கட்டம்; செய்த பணி; யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார்; வஃபாத் ஆண்டும் இடமும். வலப்பக்கம் சம்பவங்களுக்கு. அதைப் பென்சிலால் எழுதுங்கள், ஏனென்றால் பாதியை அழிக்க வேண்டி வரும்.

ஒரு பக்கம் எப்படி அமையும் என்பதற்கு முஸ்அப் பின் உமைர் (ரலி). குறைஷியரில் அப்துத் தார் குலம், மக்கா. தாருல் அர்கம் (மக்காவில் தொடக்க கால முஸ்லிம்கள் கூடிய அர்கமின் வீடு) காலத்திலேயே இஸ்லாத்துக்கு வந்தவர். பணி: முதல் அகபா உடன்படிக்கைக்குப் (மதீனாவாசிகள் நபியிடம் அளித்த உறுதிமொழி) பிறகு மதீனாவுக்கு அனுப்பப்பட்ட ஆசிரியர்; அங்கே அஸ்அத் பின் ஸுராரா (ரலி) வீட்டில் தங்கினார். ஹிஜ்ரி 3, உஹத் போரில் ஷஹீத் (வீரமரணம்). இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கத்துக்கு ஒரே ஒரு சம்பவம்: கஃபனிட (உடலைப் போர்த்த) அவரிடம் ஒரு கோடுபோட்ட போர்வைதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடி, கால்மீது இத்கிர் புல்லைப் போடுங்கள் என்றார்கள் நபி (ஸல்). இதன் கீழே "அறிவிப்பவர்: கப்பாப் பின் அல்அரத் (ரலி), புகாரி" என்று எழுதுங்கள். அறிவிப்பாளர் பெயர் இல்லாமல் எந்தச் சம்பவமும் நோட்டுக்குள் வரக்கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடே கேள்விப்பட்டதெல்லாம் உள்ளே நுழைவதைத் தடுத்துவிடும்.

மூன்றாவது வரியில் பலர் தடுமாறுகிறார்கள். நபி (ஸல்) மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்திலிருந்து எண்ணும் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு உமர் (ரலி) ஆட்சியில்தான் நிறுவப்பட்டது. ஹிஜ்ரத்துக்கு முந்தியவற்றுக்கு ஆண்டு எண் தேடினால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதனால் எண்ணை விட்டுவிட்டுக் கட்டத்தை எழுதுங்கள்: தாருல் அர்கம் காலம், அபிசீனிய ஹிஜ்ரத்துக்கு முன், அகபாவில், பத்ருக்குப் பின், மக்கா வெற்றி அன்று. ஹிஜ்ரத்துக்குப் பிந்தியதற்கு இந்த வாய்பாட்டை முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள்: பத்ர் போர் 2, உஹத் போர் 3, கந்தக் (அகழ்) போர் 5, ஹுதைபியா உடன்படிக்கை 6, கைபர் போர் 7, மக்கா வெற்றி 8, தபூக் படையெடுப்பு 9, ஹஜ்ஜத்துல் விதா (நபியின் இறுதி ஹஜ்) 10, நபி (ஸல்) வஃபாத் 11. அதற்குப் பின் அம்வாஸ் கொள்ளைநோய் 18, ஜமல் போர் 36, ஸிஃப்பீன் போர் 37. ஸஹாபாக்களில் பெரும் தொகையினரின் வஃபாத் இவற்றில் ஏதோ ஒன்றை ஒட்டி வரும். அபூஉபைதா, முஆத் பின் ஜபல் (ரலி) இருவரும் அம்வாஸ் என்று ஒருமுறை எழுதிவிட்டால் இரண்டு பேர் ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறார்கள்.

கி.பி. ஆண்டு தேவைப்பட்டால் 622-ஐ மட்டும் கூட்டினால் தப்பாகும். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள்தான். ஹிஜ்ரி எண்ணை 33-ஆல் வகுத்து, வந்ததை அதிலிருந்து கழித்து, பிறகு 622-ஐக் கூட்டுங்கள். ஹஸன் பஸரீ (ரஹ்) வஃபாத் 110: 110-இல் 3.3 போக 106.7, கூட்டினால் 728. சரியாக வருகிறது. ஷாஃபிஈ இமாமின் 204-க்குக் கணக்கு 819 காட்டும். ஆனால் அவர்கள் மறைந்தது ரஜபில், அது 820-இன் தொடக்கம். ஒரு ஹிஜ்ரி ஆண்டு இரண்டு கி.பி. ஆண்டுகளில் கால் வைப்பதால் ஒன்று முன்பின் ஆகும். மாதம் தெரியாதபோது 819/820 என்று எழுதுவதே நேர்மை. இதே போல அபூஹுரைரா (ரலி) வஃபாத் 57 என்றும் 58 என்றும் 59 என்றும் கிதாபுகளில் இருக்கிறது. 57–59 என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

அடுத்த சிக்கல் ஒரே பெயர்கள். தமிழில் எழுதும்போது இது இரட்டிப்பாகிறது. ஸஅத், ஸயீத், ஸைத் மூன்றும் ஆளுக்கு ஆள் விதவிதமாக எழுதப்படுவதால் கலந்துவிடும். பெயரை அரபு எழுத்திலும் ஒருமுறை பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரே பெயர்க்காரர்களை ஒரே நாளில் பக்கம் பக்கமாகப் படிப்பதும் நல்லது, தனித்தனியாகப் படித்தால்தான் குழம்பும். மூன்று ஸைதுகள்: ஸைத் பின் ஹாரிஸா, ஹிஜ்ரி 8, முஃதா போர்; ஸைத் பின் கத்தாப், உமர் (ரலி) அவர்களின் சகோதரர், யமாமா போர்; ஸைத் பின் ஸாபித், குர்ஆனைத் திரட்டியவர், நெடுங்காலம் இருந்து மதீனாவில் வஃபாத். மூன்று ஸஅதுகள்: முஆதின் மகன் கந்தக் காயத்தால் 5-இல்; உபாதாவின் மகன் கஸ்ரஜ் தலைவர்; அபீவக்காஸின் மகன் சொர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பதின்மரில் கடைசியாக மறைந்தவர்.

அனஸ் பின் மாலிக் (ரலி), மாலிக் பின் அனஸ் (ரஹ்) இருவரையும் தந்தை மகன் என்று மேடையிலேயே சொல்லிவிடுபவர்கள் உண்டு. முன்னவர் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டு பணிவிடை செய்த அன்ஸாரி, பஸராவில் வஃபாத். பின்னவர் மதீனாவின் இமாம், யமன் நாட்டு வழி வந்த குடும்பம். ஸஹாபியின் மறைவும் இமாமின் பிறப்பும் ஹிஜ்ரி 93 என்றே பிரபலமாகச் சொல்லப்படுகிறது. 93 என்ற எண் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் வரவே வராது.

இமாம்களைத் தனித்தனியாகப் படிக்காமல் ஊர்வாரியாகச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுங்கள் (எண்கள் வஃபாத் ஆண்டு). கூஃபா: இப்னு மஸ்ஊத் (ரலி) 32, அல்கமா 62, இப்ராஹீம் நகஈ 96, ஹம்மாத் 120, அபூஹனீஃபா 150. மதீனா: இப்னு உமர் (ரலி) 73, நாஃபிஉ 117, மாலிக் 179. மாலிக்கிடம் கற்ற ஷாஃபிஈ 204 ஃபுஸ்தாத்தில் (இன்றைய கெய்ரோ), அவரிடம் கற்ற அஹ்மத் பின் ஹன்பல் 241 பக்தாதில். பத்துப் பெயரும் பத்து எண்ணும் கையில் வந்துவிட்டால், ஒரு ஸஹாபியிடமிருந்து மத்ஹபு (சட்டப் பள்ளி) இமாம் வரை ஒரே மூச்சில் போய் வரலாம். ஷாஃபிஈ பிறந்த ஆண்டும் அபூஹனீஃபா மறைந்த ஆண்டும் ஒன்றே: 150.

ஆண்டு கையில் இருப்பதன் முழுப் பயன் கதைகளைச் சோதிக்கும்போதுதான் தெரியும். ஹஸன் பஸரீ (ரஹ்) ராபிஆ பஸரிய்யா (ரஹ்) அவர்களை மணக்கக் கேட்டார், ராபிஆ கேள்விகள் கேட்டு மடக்கினார் என்ற கதை எல்லா ஊரிலும் ஓடுகிறது. ஹஸன் மறைந்தது 110. ராபிஆவின் பிறப்பு 95-க்கும் 99-க்கும் இடையில், மறைவு 185 என்பது பரவலான கணக்கு. அப்படியானால் ஹஸன் மறைந்தபோது அவர் சிறுமி, ஹஸனோ எண்பதைத் தாண்டிய முதியவர். கதையின் கருத்து அழகாக இருக்கலாம், நோட்டில் இடமில்லை. உவைஸுல் கர்னீ (ரஹ்) நபி (ஸல்) காலத்தில் வாழ்ந்தும் நேரில் காணாதவர், ஆகவே தாபிஈ (ஸஹாபாக்களுக்கு அடுத்த தலைமுறை). அவரது சிறப்பு முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் ஸஹீஹாக (ஆதாரபூர்வமாக) வருகிறது, அதுவே போதுமானது. உஹத் செய்தி கேட்டுத் தம் பற்களையெல்லாம் உடைத்துக்கொண்டார் என்பதற்கு ஆதாரமான அறிவிப்பு இல்லை. பிலால் (ரலி) அவர்களுக்கு "ஷீன்" (அரபு எழுத்தின் ஷ ஒலி) வராது, அவரது "ஸீன்" அல்லாஹ்விடம் "ஷீன்" என்ற பேச்சுக்கும் அடிப்படை இல்லை என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். கண்ணீர் வரவழைப்பதற்காக இவற்றைச் சொல்லும் பழக்கம் போகவேண்டும். பிலாலுடைய உண்மையான வாழ்க்கையில் அதற்கு என்ன குறைச்சல்?

அரபி தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்னு ஹஜரின் இஸாபா என்ற ஸஹாபாக்கள் அகராதியில் பெயர் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் ஸஹாபி ஆகிவிடமாட்டார். ஒவ்வொரு எழுத்தையும் அவர் நான்கு பிரிவாக வைக்கிறார். முதல் பிரிவு, ஸஹாபி என்பதற்கு அறிவிப்போ குறிப்போ உள்ளவர்கள். இரண்டாவது, நபி (ஸல்) காலத்தில் பிறந்த குழந்தைகள். மூன்றாவது, அக்காலத்தில் வாழ்ந்தும் சந்தித்ததாகச் செய்தி இல்லாதவர்கள். நான்காவது, தவறுதலாக ஸஹாபி என்று சொல்லப்பட்டவர்கள். எந்தப் பிரிவு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால், அவர் மறுத்ததையே அவர் பெயரால் சொன்னதாக முடியும்.

பெயருக்குப் பின் போடும் துஆச் சுருக்கங்களிலும் கவனம் வேண்டும். தமிழில் முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி போன்ற வலிமார்களுக்கும் "ரலி" போடும் வழக்கம் உண்டு. அதை வைத்துச் சண்டை தேவையில்லை. ஆனால் உங்கள் நோட்டில் ஸஹாபாக்களுக்கு மட்டும் "ரலி", மற்றவர்களுக்கு "ரஹ்" என்று பிரித்தால், ஹிஜ்ரி 561-இல் பக்தாதில் மறைந்தவரைப் பிள்ளைகள் ஸஹாபி என்று நினைக்கமாட்டார்கள். மவ்லிது ஓதும் வீட்டுக்கும் ஓதாத வீட்டுக்கும் இந்த நோட்டு ஒன்றுதான். கந்தூரி நடக்கும் ஊரில் இன்னும் எளிது, வலிமார்களின் மாதமும் பிறையும் ஏற்கெனவே வாயில் இருக்கும். நாகூரில் ஜமாதுல் ஆகிர் பிறை 1-இல் கொடியேற்றம், 10-ஆம் இரவு சந்தனக்கூடு. விடுபட்டிருப்பது ஆண்டு மட்டுமே.

வாரத்துக்கு ஒருவர் போதும், அதற்கு மேல் ஏற்றினால் தங்காது. குலஃபாக்கள் (நபிக்குப் பின் ஆண்ட கலீஃபாக்கள்) நால்வரிடமிருந்து தொடங்காதீர்கள். அவர்கள் வாழ்க்கை மிக விரிந்தது, ஆறு வரியில் அடங்காமல் மூன்றாம் வாரமே நோட்டு மூலைக்குப் போய்விடும். முஸ்அப், பிலால், அனஸ், முஆத் பின் ஜபல், உம்மு ஸுலைம் (ரலி) என்று தெளிவான கோடுள்ளவர்களை முதலில் எடுங்கள்.

எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மாதக் கடைசி என்று நான்கு தடவை நோட்டை மூடி வைத்துச் சொல்லிப் பாருங்கள். மக்தபில் (குர்ஆன் பள்ளியில்) பிள்ளைகளிடம் "முஸ்அபைப் பற்றிச் சொல்" என்று கேட்டால் ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். தலைகீழாகக் கேளுங்கள்: ஹிஜ்ரி 3-இல் போனது யார்? மதீனாவுக்கு முதலில் அனுப்பப்பட்ட உஸ்தாத் யார்? அந்தப் போர்வைச் செய்தியை நமக்குச் சொன்னவர் யார்? மூன்றாவதற்கும் பதில் வந்தால்தான் அடுத்த பக்கத்தைத் திறக்கவேண்டும்.